கலப்பது எளிது, பிரிப்பது அரிது: மாசு குறித்து வெப்ப இயக்கவியலும் அறமும் கூறுவது

மாசு என்ற சொல்லைக் கேட்டவுடன் புகை கக்கும் ஆலையும் நுரை பொங்கும் ஆறும் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அவை மாசின் வெளித்தோற்றங்கள். மாசு என்பது உண்மையில் என்ன, அது ஏன் உண்டாகிறது, உண்டானபின் ஏன் எளிதில் நீங்குவதில்லை என்னும் வினாக்களுக்கு விடை தேடுபவர், இயற்பியலின் ஒரு பிரிவாகிய வெப்ப இயக்கவியலை நாடவேண்டும். அம்மாசை உண்டாக்கியவர் யார், சுமப்பவர் யார், சுமக்கவேண்டியவர் யார் என்னும் வினாக்கள் அறவியலைச் சார்ந்தவை. முதல் வகை வினாக்களை அறிவியலாரிடமும் இரண்டாம் வகையைச் சமயச் சான்றோரிடமும் ஒப்படைத்துவிட்டு அமைதி கொள்வது இன்றைய வழக்கம். ஆனால், ஒன்றை விடுத்து மற்றொன்றுக்கு முழுமையான விடை காண இயலாது. கங்கையின் அண்மைக்கால வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

முதல் விதி: எதுவும் மறைந்துபோவதில்லை

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்ற மட்டுமே முடியும். இதுவே வெப்ப இயக்கவியலின் முதல் விதி. பொருளுக்கும் இதனையொத்த விதி உண்டு. வேதிவினைகளில் அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, வேறொன்றோடு சேர்கின்றன, அழிவதில்லை.

அடுப்பில் கரி எரிந்து தீர்ந்தால் மிஞ்சுவது ஒரு பிடி சாம்பல். கரி போய்விட்டது என்று கண் சொல்கிறது. கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஒரு கிலோ கார்பன் முழுவதும் எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஏறத்தாழ 3.67 கிலோ கரியமில வாயுவாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

குப்பையை எரிப்பவர் அதை மண்ணிலிருந்து காற்றுக்கு அனுப்புகிறார். ஆலைப் புகையை நீரால் கழுவுபவர் அதிலுள்ள நச்சை நீருக்கு அனுப்புகிறார். நீரிலிருந்து வடித்த சேற்றை வயலோரம் கொட்டுபவர் அதை மீண்டும் மண்ணுக்கே திருப்புகிறார். மண், நீர், காற்று என்னும் மூன்றைத் தவிரக் கழிவுக்கு நான்காவது இடம் பூமியில் இல்லை.

செய்த வினையின் பயன் அழிவதில்லை என்பது இந்நாட்டு மரபில் ஊறிய கருத்து. இயற்பியல் அக்கருத்தை நிரூபித்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். இரண்டிற்கும் இடையே கவனிக்கவேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. பொருளுலகில் செயலின் விளைவு அழியாமல் நிற்கிறது. ஆயினும் அது செய்தவனையே சென்று சேரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நீரோட்டம் அதை ஆற்றின் கீழ்க்கரையில் வாழ்பவனிடம் கொண்டுசேர்க்கிறது. காற்று அதை அடுத்த மாநிலத்துக் குழந்தையின் நுரையீரலில் சேர்க்கிறது. காலம் அதை இன்னும் பிறவாத தலைமுறையிடம் சேர்க்கிறது. அறத்தின் பணி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் விதி: சிதறல் தானாகக் குறைவதில்லை

வெப்பத்தை எவ்வளவு திறமையாகக் கையாண்டாலும் அதை முழுவதும் பயனுள்ள வேலையாக மாற்ற இயலாது என்பதற்கான அடிப்படையை 1824-இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ வகுத்தார். 1865-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் 'என்ட்ரோபி' என்னும் சொல்லை வழங்கினார். சிதறலின் அளவு என்று இதை எளிமையாகக் கொள்ளலாம். வெளியுலகோடு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஓர் அமைப்பில் சிதறல் கூடலாம், அல்லது அப்படியே இருக்கலாம். தானாக ஒருபோதும் குறையாது. இது இரண்டாம் விதி.

பதினைந்து லிட்டர் நீர் கொண்ட ஒரு குடத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டால், சிறிது நேரத்தில் அது தானாகவே நீர் முழுவதும் பரவிவிடுகிறது. அதற்கு எவரும் உழைக்கவேண்டியதில்லை. பரவிய உப்பு எத்தனை நாள் காத்திருந்தாலும் தானாகத் திரண்டு அடியில் சேர்வதில்லை. அதை மீட்க அக்குடத்து நீர் முழுவதையும் கொதிக்கவைத்து ஆவியாக்கினால், 10 யூனிட் மின்சாரத்திற்கு மேல் செலவாகும். இதைவிடச் சிக்கனமான முறைகள் உண்டு. ஆனால் செலவே இல்லாத முறை எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது. மேலும், கலவை நீர்த்துப்போகப் போக, ஒவ்வொரு கிராமையும் மீட்பதற்கான உழைப்பு கூடிக்கொண்டே செல்கிறது.

மாசு என்பதன் இலக்கணம் இதிலிருந்து கிடைக்கிறது. ஓரிடத்தில் திரண்டிருந்தபோது பயனளித்த பொருள், இருக்கக்கூடாத இடத்தில், எளிதில் மீட்கமுடியாத அளவுக்குச் சிதறிக் கிடப்பதே மாசு. சிதறச் செய்வதற்குக் கணநேரக் கவனக்குறைவு போதும். திரும்பச் சேர்ப்பதற்கு ஆற்றலும் பணமும் நீண்ட காலமும் வேண்டும்.

ஒழுங்கிற்கு ஒரு விலை உண்டு

அப்படியானால் உயிர்களும் வீடுகளும் நகரங்களும் ஒழுங்கோடு இருப்பது எவ்வாறு? அவை தனித்திருக்கும் அமைப்புகள் அல்ல. ஒவ்வோர் உயிரும் ஒழுங்கான உணவை உட்கொண்டு, வெப்பத்தையும் கழிவையும் வெளியேற்றியே தன் ஒழுங்கைக் காத்துக்கொள்கிறது. நகரமும் அவ்வாறே. உள்ளே ஒழுங்கு கூடினால், அதைவிட அதிகமான சிதறல் வெளியே சென்றாகவேண்டும். குளிரூட்டப்பட்ட அறையின் இதம் தெருவுக்குச் செல்லும் வெப்பத்தால் பெறப்படுகிறது.

மாசை நீக்கும் முயற்சிக்கும் இவ்விதி பொருந்தும். சாக்கடை நீரைத் தூய்மைப்படுத்தும் நிலையங்கள் மின்சாரத்தால் இயங்குகின்றன. நிலக்கரி அனல்மின் நிலையத்தில் எரியும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது நீரையும் காற்றையும் சூடாக்கி வெளியேறுகிறது. இந்திய நிலக்கரியில் சாம்பலின் அளவும் மிகுதி. பெரும்பாலும் 30 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். உத்தரப் பிரதேச, மத்தியப் பிரதேச எல்லையில், ரிஹந்த் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் பல பெரிய அனல்மின் நிலையங்கள் அமைந்துள்ளன. அவற்றின் சாம்பல் அப்பகுதியின் மண்ணையும் நீரையும் வருத்துகிறது. ரிஹந்த் ஆறு சோன் ஆற்றில் கலக்கிறது. சோன் ஆறு கங்கையில் கலக்கிறது. ஓரிடத்தில் கங்கையைத் தூய்மையாக்கச் செலவிடும் மின்சாரம் மற்றோரிடத்தில் அதே கங்கைக்கு வரும் நீரை மாசாக்கக்கூடும். மாசை நீக்குவது வீண் என்பது இதன் பொருளன்று. நீக்குவதற்கும் ஒரு விலை உண்டு, உண்டாக்காமல் இருப்பதே மிகக் குறைந்த விலை என்பதே இதன் பொருள்.

கதிரவன் செய்யும் வேள்வி

பூமி தனித்து விடப்பட்ட அமைப்பாக இருந்திருந்தால் அதன் நிலை நம்பிக்கைக்கு இடமின்றிப் போயிருக்கும். நாள்தோறும் கதிரவனிடமிருந்து உயர்தரமான ஆற்றல் பூமிக்கு வருகிறது. தரம் குறைந்த வெப்பமாகி அது விண்வெளிக்குத் திரும்புகிறது. இந்த ஓட்டமே மேகத்தையும் காட்டையும் ஆற்றையும் வாழவைக்கிறது.

கடல்நீர் ஒரு லிட்டர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்திற்கு இது சமம். உப்பைக் கீழே விட்டுவிட்டு நீரை மட்டும் உயர்த்தி, இமயத்தில் பனியாகவும் மழையாகவும் பொழியச் செய்யும் இப்பெரும் வடிகட்டும் பணிக்குக் கதிரவன் எவரிடமும் கட்டணம் வசூலிப்பதில்லை. சுமார் 2,525 கிலோமீட்டர் ஓடும் கங்கையின் ஒவ்வொரு துளியும் இவ்வாறு விலையின்றிக் கிடைத்த ஒழுங்கு.

ஆற்றுக்கும் தன்னைத் தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் உண்டு. நீரில் விழும் அழுகும் பொருள்களை நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைக் கொண்டு சிதைத்து, எளிய பொருள்களாக மாற்றுகின்றன. ஆனால் நீரில் கரையும் ஆக்சிஜனுக்கு வரம்பு உண்டு. உறைநிலையில் ஒரு லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம் கரையும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். கோடையில் நீர் குறைந்து சூடேறும்போது ஆற்றின் வலிமையும் குறைகிறது. 1854-இல் திறக்கப்பட்ட கால்வாய் முதற்கொண்டு ஹரித்வார், பிஜ்னோர், நரோரா ஆகிய இடங்களில் கங்கைநீர் பாசனத்திற்குத் திருப்பப்படுகிறது. மெலிந்துபோன ஆற்றில், பெருநகரங்களின் சாக்கடை அதன் தாங்கும் வேகத்தை மீறி வந்து விழுகிறது. கங்கை மாசின் பெரும்பகுதி ஆலைகளால் வருவதன்று. வீடுகளிலிருந்து வரும் சாக்கடையே அதில் முதலிடம் வகிக்கிறது. பாரா உலோகங்கள் எனப்படும் கன உலோகங்களையோ நுண்ணுயிரால் சிதைக்கவே இயலாது. அவை சேற்றிலும் மீனிலும் பயிரிலும் தங்கிவிடுகின்றன.

கான்பூர் தரும் பாடம்

கான்பூரின் ஜாஜ்மாவ் பகுதியில் சுமார் 400 தோல் பதனிடும் ஆலைகள் ஆற்றங்கரையை ஒட்டி அமைந்தன. தோலைப் பதனிட குரோமியம் உப்பு பயன்படுகிறது. வழக்கமான முறையில் அதில் 60 முதல் 70 விழுக்காட்டைத் தோல் ஏற்றுக்கொள்கிறது. மிச்சம் கழிவுநீரோடு வெளியேறுகிறது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அக்கணக்கின்படி ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுசெல்லப் போதும். பதனிடும் தொட்டியிலிருந்து வெளிவரும் நீரில், ஒவ்வொரு லிட்டரிலும் சில கிராம் குரோமியம் இருக்கும். அந்நிலையில் மக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்து அதை வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். அதே குரோமியம் ஆற்றில் கலந்துவிட்டாலோ, ஒரு கிராமைத் தேடி ஆயிரக்கணக்கான லிட்டர் நீரை அலசவேண்டும்.

1986-இல் தொடங்கப்பட்ட கங்கைச் செயல்திட்டத்தின்கீழ் ஜாஜ்மாவில் ஒரு கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 90 லட்சம் லிட்டர் தோல் ஆலைக் கழிவையும் 2.7 கோடி லிட்டர் ஊர்ச் சாக்கடையையும் ஒன்றாகக் கலந்து தூய்மைப்படுத்துவது அதன் அமைப்பு. கழிவின் கடுமையைக் குறைத்து நுண்ணுயிர்களைக் காப்பதற்காக இக்கலப்பு தேவைப்பட்டது. ஆலைகள் குரோமியத்தைத் தம் எல்லைக்குள்ளேயே மீட்டுவிடும் என்னும் எதிர்பார்ப்பின்மேல் இந்த ஏற்பாடு நின்றது. எல்லா ஆலைகளும் அவ்வாறு செய்யவில்லை. தனியே இருந்திருந்தால் எருவாகியிருக்கக்கூடிய சாக்கடைச் சேற்றிலும் குரோமியம் ஏறியது. நிலையத்திலிருந்து வெளிவந்த நீர் சுற்றியுள்ள சிற்றூர்களின் வயல்களுக்குப் பாய்ந்தது. ஆய்வாளர்கள் அம்மண்ணிலும் குரோமியத்தைக் கண்டனர்.

தோலாடை அணிந்தவர் வேறொரு நாட்டில் இருந்தார். இலாபம் பெற்றவர் நகரத்தில் இருந்தார். ஆலைத் தொழிலாளர் நாட்கூலிக்காக அந்நீரில் நின்றார். சிதறலை இறுதியில் வாங்கிக்கொண்டது, இவர்களில் எவரோடும் பேரம் பேச வழியில்லாத உழவரின் நிலம். பொருளின் விலைச்சீட்டில் அவர் பெயர் எழுதப்படவில்லை.

பின்னர் கசப்பான அனுபவம் நல்வழியும் காட்டியது. 2014-இல் அறிவிக்கப்பட்ட நமாமி கங்கைத் திட்டத்தில், தோல் ஆலைக் கழிவை ஊர்ச் சாக்கடையோடு கலக்காமல் தனியே தூய்மைப்படுத்தும் ஏற்பாட்டிற்கு இடமளிக்கப்பட்டது. நாள்தோறும் சுமார் 14 கோடி லிட்டர் சாக்கடையைக் கங்கையில் கொட்டிவந்த சீசாமாவ் ஓடை 2018-இல் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் திருப்பப்பட்டது. பணி முடிந்துவிடவில்லை, ஆனால் கலப்பதற்கு முன்பே தடுக்கவேண்டும் என்னும் பாடம் இங்கே வலுப்பெற்றது.

சுமை யாருடையது?

இரண்டாம் விதி 'விலை கொடுத்தே ஆகவேண்டும்' என்று மட்டும் கூறுகிறது. யார் கொடுப்பது என்று அது கூறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது அறம்.

எம். சி. மேத்தா தொடுத்த கங்கை வழக்கில் 1987-இல் உச்சநீதிமன்றம் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி தர இயலாத தொழிலுக்கு இருக்க உரிமையில்லை. அவ்வாறே தன் கழிவைத் தொடக்கநிலையிலேனும் தூய்மைப்படுத்த இயலாத ஆலைக்கும் இயங்க உரிமையில்லை என்பது அதன் சாரம். 1996-இல் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளால் பாலாறு கெட்டது குறித்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைச் செலுத்தவேண்டும் என்னும் நெறியையும், கேடு நேருமுன் காக்கும் நெறியையும் அந்நீதிமன்றம் நாட்டின் சட்டத்தோடு இணைத்தது.

சட்டம் வகுத்த இந்நெறி மரபுக்குப் புதிதன்று. இல்லறத்தான் நாள்தோறும் செய்யவேண்டிய ஐந்து வேள்விகளுள் பூத யக்ஞமும் ஒன்று. பிறக்கும்போதே மனிதன் கடன்களோடு பிறக்கிறான் என்று சாத்திரங்கள் கூறுகின்றன. கீதையின் மூன்றாம் அத்தியாயம், பெற்றதைத் திருப்பித் தராமல் நுகர்பவனைக் கள்வன் என்றே கடிகிறது. வெப்ப இயக்கவியலின் ஒளியில் இச்சொல் மிகைக்கூற்றாகத் தோன்றுவதில்லை. ஒழுங்கைத் தான் எடுத்துக்கொண்டு, சிதறலைக் கேளாமலேயே அயலார் வீட்டில் வைப்பவன் செய்வது களவே.

புனிதமும் தூய்மையும்

'கங்கை அனைத்தையும் தூய்மைப்படுத்துபவள். அவளை எது மாசுபடுத்த முடியும்?' என்று கேட்கும் பக்தர்கள் உண்டு. இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடை கூறியவர் வாரணாசி சங்கட மோசன் ஆலயத்தின் மகந்தாக விளங்கிய வீரபத்ர மிஸ்ரா. அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியரும் ஆவார். கங்கையில் நாள்தோறும் நீராடுவது அவருடைய சமயக் கடமை. அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறியாளராக அவர் நன்கு அறிந்திருந்தார். இரண்டில் ஒன்றைக் கைவிடாமல் 1982-இல் சங்கட மோசன் அறக்கட்டளையைத் தொடங்கி, 2013-இல் மறையும்வரை கங்கைக்காக உழைத்தார். அறக்கட்டளையின் ஆய்வகத்தில் கங்கைநீர் தொடர்ந்து சோதிக்கப்பட்டது.

மின்வெட்டு நேர்ந்தால் நீரேற்று எந்திரங்கள் நின்றுபோகும். சாக்கடை அப்படியே ஆற்றில் பாயும். இக்குறையை அவர் இடைவிடாது சுட்டிக்காட்டினார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்வால்டின் துணையோடு அவர் முன்வைத்த மாற்றுத் திட்டத்தில், சாக்கடை புவியீர்ப்பாலேயே ஓடி, பாசி வளரும் குளங்களில் தங்கி, கதிரொளியால் தூய்மையடையும். நிலக்கரிக்கு மாறாகக் கதிரவனைத் துணைக்கழைப்பது அத்திட்டத்தின் அடிப்படை. புனிதம் பக்தனின் உள்ளத்தோடு தொடர்புடையது. தூய்மை நீரில் கலந்தவற்றைப் பொறுத்தது. ஒன்றை ஏற்பவர் மற்றொன்றை மறுக்கவேண்டியதில்லை. தாயை வணங்குபவன் அவளுடைய நோயையும் கண்டறிந்து மருந்து தரவேண்டும்.

தவிர்க்கவேண்டிய இரு முடிவுகள்

சிதறல் பெருகியே தீரும் என்பது விதியானால் முயற்சி எதற்கு என்று சோர்வது முதல் தவறு. விதி பேரண்டத்தின் மொத்தக் கணக்கைப் பற்றியது. எவ்வளவு, எவ்வளவு விரைவாக, எந்த இடத்தில் என்பவை மனிதனின் தேர்வைச் சார்ந்தவை. எவரும் ஒருநாள் இறப்பார் என்பதால் மருத்துவம் வேண்டாம் என்று எவரும் கூறுவதில்லை.

எதிர்காலத் தொழில்நுட்பம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்பியிருப்பது இரண்டாம் தவறு. எந்தக் கருவியும் இரண்டாம் விதிக்கு உட்பட்டே இயங்கவேண்டும். நல்ல கருவி விலையைக் குறைக்கும். விலையை இல்லாமல் செய்யாது. ஆசை பெருகும் வேகத்திற்குக் கருவியின் திறன் ஒருபோதும் ஈடுகொடுப்பதில்லை. புலனடக்கமும் தேவைக்குமேல் சேர்க்காமையும் சாதகரின் அக வாழ்வுக்கு மட்டும் உரியவை என்று கருதப்பட்டு வந்தன. மண்ணுக்கும் நீருக்கும் அவை நேரடியாகச் செய்யும் நன்மையை அறிவியல் இன்று அளந்து காட்டுகிறது.

இல்லத்தில் தொடங்கும் சாதனை

கலப்பதற்கு முன் பிரித்துவைப்பதே இவ்விதிகள் தரும் முதற்கட்டளை. சமையலறைக் கழிவு தனியே இருந்தால் சில வாரங்களில் எருவாகும். கண்ணாடியோடும் மின்கலத்தோடும் கலந்தால் எதற்கும் உதவாது. ஆலயத்து மலர்கள் ஆற்றில் விழுந்தால் அதன் ஆக்சிஜனை உண்ணும். தோட்டத்துக் குழியில் விழுந்தால் மறுபடியும் மலராகும். வழிபட்ட திருவுருவம் சுடாத களிமண்ணாலும் இயற்கை வண்ணத்தாலும் ஆனதாயின் மண்ணோடு மண்ணாகும். வீட்டில் ஒரு யூனிட் மின்சாரம் மிச்சமானால், அனல்மின் நிலையத்தில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தரும் நிலக்கரி எரியாமல் மிஞ்சுகிறது. மலிவாகக் கிடைக்கும் பொருளை வாங்குமுன், மிச்ச விலையை யார் செலுத்துகிறார் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பதும் ஒரு சாதனையே.

கலக்குமுன் காக்கும் கணநேர விழிப்பு, கலந்தபின் பல தலைமுறைகள் செய்யவேண்டிய உழைப்பை மிச்சப்படுத்துகிறது. அவ்விழிப்பைப் பழகுபவர், தாம் என்றும் காணப்போகாத கீழ்க்கரை உழவருக்குத் தொண்டு செய்தவர் ஆகிறார்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒரு வீட்டிலிருந்து ஒரு நாளில் வெளியேறும் கழிவுகள் எவை? அவை ஒவ்வொன்றும் மண், நீர், காற்று ஆகியவற்றுள் எங்கே சென்று சேர்கின்றன?

2. செயலின் விளைவு செய்தவரிடம் சேராமல் பிறரிடம் சேரும்போது, செய்தவரின் பொறுப்பு குறைகிறதா, கூடுகிறதா?

3. ஓர் ஆலையை மூடினால் தொழிலாளி வருந்துகிறார். மூடாவிட்டால் உழவர் வருந்துகிறார். இருவருக்கும் நீதி செய்யும் வழி எது?

4. பூத யக்ஞத்தை நகர வாழ்வில் எவ்வெவ்வாறு நிறைவேற்றலாம்?